மூன்றாவது வெட்டு

பத்து எல்லை முளைகள் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பதினோராவது வர மறுத்தது.

சின்னவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, முன்னும் பின்னுமாக ஆட்டினாள். ராத்திரி பெய்த மழையில் மேட்டுச் சரிவு முழுக்கக் களியாகக் குழைந்து கிடந்தும் இந்த ஒன்று மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அடித்தவளுடைய வீம்பு முளைக்கும் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. கீழே குடியிருப்பில் முதல் அடுப்புப் புகை கிளம்பியாயிற்று. பனி விலகிவிட்டால் இந்தச் சரிவு ஊர் பூராவுக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு நிலத்தை அளக்க அளவுக்காரர் வருவார்.

“வந்து தொலை,” என்றாள் முளையிடம்.

வந்து தொலைந்தது. பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் அவள் மல்லாக்க விழுந்து, நாலடி சறுக்கி, வலது கால் ஒரு வேருக்கடியில் மாட்டித் திருகிக்கொண்டது. உயிர் போகிற வலி. கத்த முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கையில் இருந்த முளையை அப்படியே பள்ளத்துக்குள் விட்டெறிந்தாள். அது புதரில் இடித்து, பாறையில் மோதி, ஓடையில் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் கால் வலி பாதி குறைந்தது.

பன்னிரண்டாவது பாதையோரம் இருந்தது. அது சமர்த்தாக வந்துவிட்டது. அதையும் எறியக் கை ஓங்கியவள், ஒரு எட்டு வைத்துப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். ஊன்றிக்கொள்ள ஏதாவது இல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது.

அந்த மலையில் முளைக்கு அடிமுனைதான் விலாசம். மேலே எந்த அடையாளத்தைச் செதுக்கி வைத்தாலும், புதரை எரிக்கிற மாதத்தில் கருகிப் போகும். அதனால் ஒவ்வொரு வீடும் தன் வெட்டை மண்ணுக்குள் போகிற பக்கத்தில்தான் போடும். பெரிய வீட்டுக்கு இரண்டு வெட்டு, சின்ன வீட்டுக்கு மூன்று, கோழிக்காரி வீட்டுக்குக் குறுக்கே ஒரு வெட்டு. எல்லையில் தகராறு வந்தால் ஒரு முளையைப் பிடுங்கி அடியைப் பார்ப்பார்கள், பேச்சு முடிந்துவிடும். சின்னவள் எதையும் பார்க்கவில்லை. அடி முழுக்கச் சேறு பூசிக்கொண்டு வந்தது. தவிர, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அடித்தது யார் என்று நேற்றே பெற்ற மகள் வந்து சொல்லியாயிற்று.

“பெரியம்மா மேட்டுச் சரிவுல முளை அடிக்கறாங்கம்மா. நான்தான் சுத்தியல் எடுத்துக் குடுத்தேன்.”

பத்து வயசுப் பெண் அதைப் பெருமையாகச் சொன்னது. சின்னவளுக்கு அந்தப் பெருமைதான் முதலில் சுட்டது. நிலம் அப்புறம்தான் சுட்டது.

இறங்கி வரும்போது குடியிருப்பில் முதலில் கண்ணில் படுவது பெரியவளின் தகரக் கூரை. மற்ற பதினேழு வீடும் புல் கூரை. வெயிலில் அது கண்ணைக் குத்தும். மழையில் இன்னும் மோசம். எல்லார் வீட்டிலும் மழை சத்தமில்லாமல் ஊறி, சொட்டுச் சொட்டாகச் சட்டிக்குள் இறங்கும்போது, பெரியவள் வீட்டில் மட்டும் மேளம் அடிக்கும். ராத்திரி முழுக்க சின்னவள் படுத்துக்கொண்டு அதைத்தான் கேட்டாள். ஒருத்தி வீட்டில் நனையவில்லை என்பதை மலை முழுக்கத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டுமா?

பெரியவள் அவளுக்கு ஓரகத்தி. புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. அந்த அண்ணன் குவாரியில் கல் சரிந்து போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. பார்க்கப் போனால் பொறாமைப்பட அவளிடம் என்னதான் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இருந்தது. ஆபீஸ் பாஷை இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் அவள் கீழே டவுனில் ஒரு அதிகாரி வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு, பாஷையை மட்டும் கொண்டு வந்துவிட்டாள். குடியிருப்பில் வேறு யாருக்கும் அது வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேசுவது அதுதான். ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில், பஸ் கண்டக்டரிடம், காகிதத்தில், போர்டில், எல்லாமே அதுதான். சின்னவள் ஒரு தரம் காது வலி என்று ஆறு மைல் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். காதைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டி, அழுதும் காட்டினாள். வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கேட்டு ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். மாத்திரையை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாள், ஒரு நாள் யாருக்காவது காட்டிக் கேட்கலாம் என்பது போல.

பெரியவளுக்கோ தகரக் கூரைக்கு மனு எழுதத் தெரிந்தது. குழாய் போட வந்தவனிடம் பேசத் தெரிந்தது, குழாய் அவள் வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. இத்தனையும் போதாதென்று சின்னவளின் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இருட்டுகிற நேரத்துக்கு வந்து, “பசிக்கலம்மா, பெரியம்மா ஊட்டிட்டாங்க,” என்கிறாள்.

ஊட்டிவிட்டாளாம். பத்து வயசுப் பெண்ணுக்கு ஊட்டுவதாம்.

இந்த நெருப்பில் அவ்வப்போது சுள்ளி போட ஒருத்தி இருந்தாள். பக்கத்து வீட்டுக் கோழிக்காரி. நேற்று வெயில் தாழ்ந்ததும் முட்டைக் கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேள்விப்பட்டேன். உன் ஓரகத்தி சமைக்கற சோறு அளவுக்காரருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்.”

“பிடிக்கட்டும்.”

“கேம்ப்ல நாலு நாளா இவதான் எல்லாம். டீ கொண்டு போறதும் இவதான், மேப்பை விரிச்சா ஓரத்தைப் பிடிச்சுக்கறதும் இவதான். நம்ம பேச்சை அவருக்குச் சொல்றது, அவர் பேச்சை நமக்குச் சொல்றது, எல்லாம் இவ வாய்தான்.” கோழிக்காரி ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “வீட்டுக்கு ஒரு துண்டுதான் எழுதறாங்க. அவளுக்குப் பாறைச் சரிவு இருக்கு, உனக்கு ஓடைச் சரிவு இருக்கு. சரிதான். அப்ப மேட்டுச் சரிவுல எதுக்கு முளை அடிச்சா?”

“உனக்கு யார் சொன்னது?”

“உன் பொண்ணுதான் ஊரெல்லாம் சொல்லிட்டுப் போகுதே, சுத்தியல் எடுத்துக் குடுத்தேன்னு.”

மூன்று சரிவுகள் அந்தக் குடும்பத்துக்கு. இரண்டில் விளையும், ஒன்று படுத்து ஓய்வெடுக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் முறை மாறும். ஓய்வெடுக்கிற சரிவு யாருக்கும் சொந்தமில்லை, இரண்டு வீட்டுக்கும் சொந்தம். அப்படித்தான் இது வரைக்கும். இப்போது காகிதம் வருகிறது. காகிதத்தில் ஓய்வு என்று ஒரு கட்டம் கிடையாது. பயிரோ முளையோ நின்றால் வயல், நிற்காவிட்டால் தரிசு. தரிசு எல்லாம் அரசாங்கத்துக்கு, அங்கிருந்து கம்பெனிக்கு. பக்கத்து மலையில் இப்படித்தான் பாதி நிலம் போனது. ஓய்வில் விட்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது குவாரிக் கொட்டகையில் குடும்பத்தோடு ஜல்லி உடைக்கிறார்கள்.

சின்னவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கொட்டகை. ஓடைச் சரிவுக்கு மட்டும் காகிதம் கிடைத்துவிட்டால் போதும், அந்தக் கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டாம். பெரியவளுக்கு ஒரு துண்டு போதாது போலிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அவளே வந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையல் புகை இன்னும் புடவையில் இருந்தது. வாசலில் நின்று, “தங்கச்சி,” என்றாள்.

சின்னவள் முறத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“உக்காருங்க அண்ணி,” என்றான் அவள் புருஷன். ஊரில் அவனுக்குப் பெயர் ‘அப்புறம்’. எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பான். கூரை ஒழுகினால் அப்புறம், வேலி சாய்ந்தால் அப்புறம். பெற்ற மகளுக்குப் பெயர் வைப்பதையே எட்டு மாசம் தள்ளிப் போட்டவன்.

“உக்கார நேரமில்லப்பா. மேட்டுச் சரிவைப் பத்தி ஒரு விஷயம்.”

“தெரியும்,” என்றாள் சின்னவள்.

“என்ன தெரியும்?”

“முளை அடிச்சாச்சு. தெரியும். ஊருக்கே தெரியும்.”

“அடிச்சதைப் பத்திதான் சொல்ல வந்தேன். மத்தியானம் கேம்ப்ல மேப்பைப் பாத்தேன். பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. யார்கிட்டயும் கேக்க நேரமில்ல, அதான் நானே போய்...”

“நீயே போய் அடிச்சுட்டே. நீ எப்ப எங்களைக் கேட்டே? குழாய் போட்டப்பக் கேட்டியா? என் பொண்ணை உன் வீட்லயே வெச்சுக்கறியே, அதைக் கேட்டியா?”

“அது படிக்க வருதுடி.”

“படிக்க வருதா, பறிக்க வருதா? எங்க வீட்ல கஞ்சி இருக்கு, அதுக்கு ஊட்டறதுக்கு எனக்கும் கை இருக்கு.”

“நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. நாளைக்கு அளவுக்காரர் மேல வருவார். வந்து உன்கிட்ட...”

“போய்டு அக்கா. அடுப்புல கஞ்சி அடி பிடிக்குது.”

அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை. பெரியவள் அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்துச் சிரிக்க முயன்று, முடியாமல் திரும்பினாள். “காலையில வரேன்,” என்றாள்.

காலையில் வந்தாள். கோழிக்காரிதான் அதைச் சொன்னாள்: விடியும்போதே வந்து கதவைத் தட்டினாளாம், ‘அப்புறம்’ எழுந்து, “அவ இல்ல அண்ணி, எங்க போனான்னு தெரியல,” என்றானாம். அந்த நேரத்தில் சின்னவள் மேட்டுச் சரிவில் எட்டாவது முளையில் இருந்தாள்.

ஒன்பது என்றவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். அளவுக்காரர் ஒல்லியான மனிதர், கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. மஞ்சள் பெட்டி ஒன்றை மூன்று கால் ஸ்டாண்டில் தூக்கி வைத்து அதற்குள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். டேப் பிடிப்பவனுக்கு ஊர் வைத்த பெயர் சங்கிலி. அடுத்த மலைக்காரன். நம் பேச்சு தெரியும், ஆபீஸ் பாஷை கேட்டால் புரியும், பேசுவதுதான் அரைகுறை.

மேட்டுச் சரிவில் எல்லோரும் ஏறி நின்றார்கள். சின்னவள் ஊன்றுகோலை வீட்டு வாசலிலேயே சாத்தி வைத்துவிட்டுப் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“காலுக்கு என்ன?” என்றாள் பெரியவள்.

“வழுக்கிடுச்சு.”

பெரியவள் காலைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் செம்மண் இருந்தது. பிறகு சரிவைப் பார்த்தாள். இடுப்பளவு புதர். ஓரங்களில் பன்னிரண்டு குழி, மழைத்தண்ணீர் நிரம்பி, கண் மாதிரி விழித்துக்கொண்டு. அவள் ஒரு குழியருகே போனாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். அடுத்த குழிக்குப் போனாள். அளவுக்காரர் ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு விரலை நீட்டி நீண்ட நேரம் பேசினார். சங்கிலிக்கு இதிலெல்லாம் ஒரு சந்தோஷம். கூட்டத்துக்கு மொழிபெயர்த்தான்.

“முளை எங்கேன்னு கேக்கறார். நேத்து இருந்துச்சுங்கறா இவ. நேத்து இருந்தது எனக்கெதுக்கு, இன்னிக்கு இருக்கணுங்கறார். பயிரும் இல்ல, முளையும் இல்ல, அப்ப ஆள் வாயாலயாவது வரணுமாம். இன்னொண்ணும் சொல்றார். இவ கேட்டதைக் கேக்கணும், சொன்னதைச் சொல்லணும், நடுவுல சொந்தமா ஒரு வார்த்தை நம்ம பேச்சுல பேசக்கூடாது. போன மலைல மொழிபெயர்க்க வந்தவன் மச்சான் மாமனுக்கெல்லாம் எழுதி வெச்சுட்டானாம். மறுபடி அப்படி நடந்தா இந்த மலைக்கு லிஸ்ட்டே கிடையாதாம்.”

“நல்லா வேணும்,” என்றாள் கோழிக்காரி மெதுவாக.

அளவுக்காரர் நோட்டைத் திறந்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, பெரியவளிடம் ஏதோ கேட்டார். அவள் சின்னவளைக் கை காட்டினாள். அவர் சின்னவளை அருகே வரச் சொன்னார்.

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. சாட்சி. ஓரகத்திக்காகத் தான் சாட்சி சொல்ல வேண்டுமாம். இத்தனை பேர் முன்னால், “ஆமாம், இது எங்க அக்காவோடதுதான்,” என்று சொல்ல வேண்டுமாம். அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து, நிதானமாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆபீஸ்காரர் நோட்டும் பேனாவுமாக அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“இந்தச் சரிவு யாருதுன்னு கேக்கறார்,” என்றாள் பெரியவள்.

“யாருதும் இல்ல.”

‘அப்புறம்’ தொண்டையைச் செருமினான். “ஏ, அது வந்து...”

“நீ சும்மா இரு.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

பெரியவள் அந்தப் பதிலை ஆபீஸ் பாஷையில் சொல்லவில்லை. அளவுக்காரரிடம் எதையோ கெஞ்சலாகக் கேட்டு, அவர் சலிப்போடு கையசைத்ததும், மறுபடி சின்னவள் பக்கம் திரும்பினாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள்.

“திரும்பக் கேக்கறார். இந்தச் சரிவு யாருது? உன் வாயாலதான் சொல்லணும். உன் வாயால.”

“ஒரு தடவை சொன்னது காதுல விழலையா அக்கா? இது காடு. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து காடு.”

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆறு வயசு மகளைக் கூடவே இழுத்துக்கொண்டு, இதே சரிவில், இதே மண்ணில் குச்சியால் குழி குத்திக் குத்திச் சோளம் ஊன்றினாள். கூட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தகரக் கூரைக்கு மேலே இன்னொரு துண்டு நிலம் ஏற வேண்டும் என்று யாருக்கும் அவ்வளவாக ஆசை இல்லை.

பெரியவள் மூன்றாவது தடவை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அளவுக்காரர் சங்கிலியைப் பார்த்தார்.

“காடுன்னு சொல்றா சார்,” என்றான் சங்கிலி ஆபீஸ் பாஷையில். அந்த ஒரு வார்த்தை அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பேனா ஓடியது. நீல மை டப்பா வந்தது. சின்னவள் கட்டைவிரலை அழுத்தினாள். அழுத்தமாகவே அழுத்தினாள். நிமிரும்போது ஓரகத்தியின் முகத்தை ஆசையோடு பார்த்தாள். அந்த முகத்தில் அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை. என்ன இருந்தது என்று புரியவில்லை. ஆஸ்பத்திரியில் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்து, உடனே போய்விட்டது.

அங்கிருந்து கூட்டம் ஓடைச் சரிவுக்கு இறங்கியது. சின்னவளுக்கு நடை வந்துவிட்டது. கால் வலி எங்கோ போய்விட்டது. சோளம் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. நான்கு பக்கமும் அவள் வீட்டு முளை, ‘அப்புறம்’ அடித்ததால் நாலும் நாலு பக்கம் சாய்ந்திருந்தன. அவள் வரப்பில் போய் நின்றுகொண்டாள்.

“இது எங்களோடது,” என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

அளவுக்காரர் பெட்டியை இறக்கக்கூட இல்லை. மேப்பைத் தரையில் விரித்து, நாலு கல்லை வைத்து, ஓடை வளைவின் மேல் பென்சிலை வைத்தார். அங்கே ஒரு பச்சைக் கோடு ஓடியது. இரண்டு வார்த்தை சொன்னார். மேப்பைச் சுருட்டினார்.

“என்னவாம்?” என்றாள் சின்னவள்.

சங்கிலிகூட இதைச் சிரிக்காமல் சொன்னான். “இது கோட்டுக்குள்ள வருது. கம்பெனியோட நாத்தங்கால். மூணு வருஷம் முன்னாடியே குடுத்துட்டாங்களாம். இதை அளக்கற வேலை இல்லைங்கறார். பயிரை எடுத்துக்க ஒரு மாசம் டைம் தருவாங்க.”

“ஒரு மாசத்துல இதுல கதிரே வராதே.”

“அது எனக்குத் தெரியும். மேப்புக்குத் தெரியாதே.”

அப்போது பெரியவள் பேச ஆரம்பித்தாள். ஆபீஸ் பாஷையில், மளமளவென்று, நிறுத்தாமல். மேட்டுச் சரிவைக் காட்டினாள். சின்னவளைக் காட்டினாள். கையைக் கூப்பினாள். நோட்டைக் காட்டினாள். அளவுக்காரர் நோட்டைத் திறந்து அந்த நீலக் கட்டைவிரலைக் காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சரிவுக்கு நடந்தார்.

சின்னவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாத ஒவ்வொரு வார்த்தையும் தனக்கு எதிராகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

“நாலு நாளா அவருக்குச் சோறு போட்டியே, அதுக்குக் கூலி இதுதானா?” என்றாள். “மேப்பைப் பாத்தேன், மேப்பைப் பாத்தேன்னியே. கோடு இருக்கறது உனக்கு முன்னாடியே தெரியும். என் நிலம் போறது தெரிஞ்சுகிட்டு, நீ மேல போய் உனக்கு முளை அடிச்சுக்கிட்டே.”

பெரியவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“நேத்துச் சாயங்காலம் நான் எதுக்கு வந்தேன்னு நினைக்கறே?” என்றாள். பதிலுக்கு நிற்காமல் அளவுக்காரருக்குப் பின்னால் போனாள். இன்னும் பத்து வீடு பாக்கி இருந்தது. பேச வேறு ஆள் இல்லை.

சாயங்காலம் ஜீப் இறங்கிப் போனது. பாறைச் சரிவு பெரிய வீட்டுக்கு எழுதியாயிற்று. இடையில் ஓய்வு கொடுக்காவிட்டால் வெறும் கல்லாகிவிடும் நிலம், இனி ஓய்வு கொடுக்க வேறு சரிவு இல்லை. கோழிக்காரிக்கும் கிடைத்தது. சின்ன வீட்டுக்கு நேராக நோட்டில் ஒரு கோடு.

‘அப்புறம்’ கதவோரம் உட்கார்ந்து தன் மண்வெட்டியின் காம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

“நாளைக்குக் குவாரிக்குப் போய்க் கொட்டகை கேக்கறேன்.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயில் நாளைக்கு என்ற வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

“எல்லாம் அவளால வந்தது,” என்றாள். “அந்தப் பாஷை மட்டும் எனக்கு வந்திருந்தா...”

“வந்திருந்தா?”

வெளியே தூறல் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மேலண்டை வீட்டுத் தகரத்தில் தட்டத் தொடங்கியது, முதலில் ஒன்றிரண்டாக, பிறகு நெருக்கமாக.

“விறகெல்லாம் ஈரம்,” என்றாள் மகளிடம், எரிச்சலோடு. “வாசல்ல ஒரு கழி சாத்தியிருக்கு பாரு, கூரைக்கடியில. அதைக் கொண்டா. ஒடிச்சு அடுப்புல வைக்கலாம்.”

மகள் கொண்டு வந்தாள். பகல் பூரா வெயிலில் காய்ந்திருந்ததால், உள்ளே வரும்போதே அடியில் இருந்த சேறு வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அவள் மீதியைக் கட்டைவிரலால் தள்ளிச் சுத்தம் பண்ணினாள். பெரியம்மா வீட்டுச் சிலேட்டைத் துடைக்கிற அதே பழக்கம்.

“அம்மா, இதை ஏன் எரிக்கணும்? இது நம்ம முளை.”

“நம்மதில்ல. உன் பெரியம்மாவோடது. கொண்டா இப்படி.”

“நம்மதுதாம்மா. நேத்து நான் பக்கத்துலதானே இருந்தேன். அவங்க வீட்டுப் பழைய முளை பன்னெண்டையும் வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணா மடியில போட்டுப் பெரியம்மா கத்தியால செதுக்கினாங்க. எதுக்குப் பெரியம்மான்னு கேட்டேன். உங்க அம்மாகிட்ட நானே சொல்றேன், நீ அவசரப்படாதேன்னாங்க. எண்ணிப் பாரேன்.”

அடுப்பு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அதை நீட்டினாள். சின்னவள் விரலை வைத்தாள். காலையில் வைத்த நீல மை விரலில் இன்னும் போகவில்லை.

முதல் வெட்டு பழையது, கறுத்திருந்தது. இரண்டாவதும் பழையது, கறுத்திருந்தது.

மூன்றாவது வெட்டு மட்டும் உள்கட்டையின் வெள்ளை தெரிய, நேற்றுப் போட்டது.